விஜயகுமாரியின் அரைப்பேர்

புதன்கிழமை பிற்பகலானால் டாக்டர் ஷீலா மாடி அறையில் யோகா விரிப்புகளை வரிசையாக விரித்துவிட்டு ஊழியர்களுக்காகக் காத்திருப்பார். வருகிற ஆள் ஒருவர்தான், ஜீப் டிரைவர் அழகர்சாமி. அவரும் ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் விரிப்பாகப் பார்த்து மல்லாந்துவிடுவார். "மூச்சை மெதுவாக உள்ளே இழுங்கள்" என்று ஸ்பீக்கரில் குரல் வருவதற்குள் அவர் மூச்சு குறட்டையாக மாறியிருக்கும்.

"அழகர்சாமி, படுக்கிறது கடைசியில்தான்," என்று டாக்டர் எழுப்புவார்.

"கடைசியில எங்க போய் நிக்கணுமோ அங்க முன்னாடியே போயி வண்டியப் போட்டுட்டேன் மேடம். நான் டிரைவர் இல்லையா?"

அவர்கள் பேசிக்கொள்வதெல்லாம் தீவு இந்தி. டாக்டர் மலையாளி, நர்ஸ் மிதாலி வங்காளி, மருந்து கொடுப்பவர் தெலுங்கர். போர்ட் பிளேயரில் இருக்கும் அந்த அரசு மனநல மையத்தில் எல்லாருக்கும் பொதுவான பாஷை அதுதான். அழகர்சாமியின் இந்தியில் மட்டும் உசிலம்பட்டிப் பக்கத்து வாடை கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

ஊழியர் நலனுக்கென்று டாக்டர் ஷீலா பல ஏற்பாடுகள் செய்திருந்தார். புதன்கிழமை யோகா. ஞாயிறு காலையில் கார்பின்ஸ் கோவ் கடற்கரையில் நடை. மனசுவிட்டுப் பேச வேண்டுமென்றால் மெயின்லேண்டிலிருந்து போனில் ஓர் ஆலோசகர். இத்தனையும் ஒவ்வொரு மாதமும் மிதாலி தயாரித்து எல்லார் போனுக்கும் அனுப்பும் மாதச் செய்தியின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். யாருக்குப் பிறந்தநாள், யாருக்கு மாற்றல் என்று முதல் பக்கத்தைப் பார்த்ததும் ஊழியர்கள் போனை மூடிவிடுவார்கள். ஊரார் மனசுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிற இடத்தில் தன் மனசுக்கு வைத்தியம் தேடிப் போக எல்லாருக்கும் வெட்கம்.

கடைசிப் பக்கம் வரை ஒரு வரி விடாமல் படிக்கிற ஒரே ஆள் அந்த மையத்தில் வேலையே செய்யவில்லை. அவர் அதே ஊரில் டாலிகஞ்சில் ஃபேன், மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருக்கும் தேவேந்திரன். மையத்தில் ஆலோசகராக இருக்கும் விஜயகுமாரியின் அண்ணன். தங்கச்சி பேர் எங்கேயாவது வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக அதை அவளிடம் கேட்டு வாங்கி, இந்தி எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிப்பார். வந்திருந்தால் அன்றைக்குக் கடைக்கு வருகிற எல்லாருக்கும் அது தெரியும்.

விஜயகுமாரி அந்த யோகா விரிப்பை ஒரு தடவைகூட மிதித்ததில்லை. கீழே வராந்தாவில் ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது மேலே போய்க் காலை நீட்ட அவளுக்கு மனம் வரவில்லை. லீவு என்ற சொல்லே அவளுக்கு ஒவ்வாது. அது அவள் வளர்ந்த இடத்துப் பழக்கம்.

அவள் பிறந்தது கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில். அப்பாவும் அம்மா சொர்ணம்மாவும் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்து அங்கே குடியேற்றப்பட்டவர்கள். கடல் தாண்டி வந்தபோது தோட்டத்துப் பேச்சையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள். விடியும் முன்னால் எல்லாரும் வரிசையில் நின்று அன்றைய வேலையை வாங்கிக்கொள்வதற்குப் பெயர் பெரட்டு. ஒரு நாள் வேலைக்குப் பெயர் 'பேர்'. கொடுத்த மரத்திலெல்லாம் பட்டையைக் கீறிப் பால் எடுத்துவிட்டால் முழுப்பேர் விழும். முடியாமல் பாதியில் திரும்பினால் அரைப்பேர். சொர்ணம்மா காய்ச்சலோடும் முழுப்பேர் வாங்கிய மனுஷி. "அரைப்பேர்க்காரி" என்று ஒருத்தியைச் சொன்னால் அந்த லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், அது ஏச்சுதான்.

சுனாமிக்குப் பிறகு குடும்பம் போர்ட் பிளேயர் முகாமுக்கு வந்தது. அங்கே வந்த மனநல டாக்டர்களுக்குத் தமிழ் தெரியாது, முகாமில் இருந்தவர்கள் பலருக்கு இந்தியில் அழத் தெரியாது. இரண்டு பக்கத்துக்கும் நடுவே உட்கார்ந்து பேச்சை மாற்றிச் சொன்னவள் விஜயகுமாரி. இருபத்தோரு வயதுப் பெண், தானே எல்லாம் இழந்து வந்தவள், மற்றவர் சொல்வதை ஒரு சொல் சிந்தாமல் வாங்கி ஒரு சொல் கூட்டாமல் கொடுத்தாள். அந்த டாக்டர்கள்தான் அவளை மேலே படிக்கச் சொன்னார்கள். படித்தாள், வேலைக்கும் வந்தாள். அன்றிலிருந்து இன்றுவரை அவளிடம் உள்ள ஒரே சாமான் அந்தக் காதுதான்.

அந்தக் காதுதான் இந்த வருஷம் மழைக்காலத்தில் அடைத்துக்கொண்டது.

கார்த்திகா என்ற இன்னோர் ஆலோசகர் ஹேவ்லாக்குக்கு மாற்றலாகிப் போய்விட்டாள். அவள் இடத்துக்கு யாரும் வரவில்லை. அவள் பார்த்த ஆட்களையும் விஜயகுமாரியே பார்த்தாள். மாதம் ஒரு முறை திக்லிபூர் மருத்துவ முகாமுக்கும் அவளே போனாள். இருட்டில் கிளம்பி, காட்டுக்குள் வரிசையாகப் போகும் வண்டிகளோடு சேர்ந்து, வண்டியோடு கடல் தாண்டும் பார்ஜில் ஏறி இறங்கி, பொழுது சாயப் போய்ச் சேருகிற பாதை அது.

அந்தத் தடவை திக்லிபூரில் அவள் முன்னால் வந்து உட்கார்ந்தவர் ஒச்சம்மா. பாக்குத் தோட்டக்காரர், தூக்கம் வராமல் மூன்று மாதமாக மருந்து வாங்குகிறவர். அன்றைக்குத்தான் முதல் முறையாக வாய் திறந்து நிறையப் பேசினார். விஜயகுமாரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை ஆட்ட வேண்டிய இடத்தில் ஆட்டினாள். பேசி முடித்துவிட்டு ஒச்சம்மா, "அப்ப நான் என்னதான் செய்யட்டும், நீயே சொல்லு தாயி," என்றபோதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் சொன்ன எதுவுமே அவளுக்குள் இறங்கவில்லை. கோழி என்ற ஒரு சொல் மட்டும் காதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"மருந்தை விடாம சாப்பிடுங்க. அடுத்த மாசம் பேசுவோம்," என்று எழுந்துவிட்டாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்துப் பார்த்தாள். என்ன கோழி? யார் கோழி? ஒன்றும் வரவில்லை.

"என்னா தாயி, பார்ஜ் வந்துருச்சு, எறங்கிக் கொஞ்சம் காத்து வாங்கலாமே," என்றார் அழகர்சாமி.

"ஒங்ககிட்ட யாராவது கோழியப் பத்திப் பேசுனா என்னா நெனப்பீங்க?"

"கொழம்பா, வறுவலான்னு கேப்பேன்."

அவள் சிரிக்கவில்லை. அழகர்சாமி கண்ணாடியில் ஒரு தடவை அவளைப் பார்த்துவிட்டு வண்டியைப் பார்ஜில் ஏற்றினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டாலிகஞ்சில் அண்ணன் கடையில் வைத்துத்தான் சொன்னாள். "அண்ணே, நான் ஸ்டோருக்கு மாத்திக் கேக்கப் போறேன். மருந்துப் பெட்டியை அடுக்கி வெக்கிற வேலை. அங்க ஆள் இல்ல."

தேவேந்திரன் திருகிக்கொண்டிருந்த ஸ்க்ரூவைக் கீழே போட்டார். "என்னா புள்ள சொல்ற? நாலு பாஷையில ஆளுங்க கஷ்டத்தைக் கேக்குறவ, பெட்டி அடுக்கப் போறியா?"

"கேக்க முடியல அண்ணே. வாயைப் பாக்குறேன், பேச்சு உள்ள போகல. என்னையவே நம்பி ஒருத்தவங்க சொல்லிக்கிட்டிருக்காங்க, நான் பொம்மை மாதிரி ஒக்காந்திருக்கேன். அது பாவம் இல்லையா?"

"சரியாத் தூங்குனியா? எண்ணெய் தேச்சுக் குளி. ராத்திரிக்கு ஓட்டல்ல வாங்காம இங்க வந்து சாப்பிடு. லீவு மட்டும் போட்டுறாத, இத்தினி வருசம் ஒரு நாள் விடாம..." என்றவர், அவள் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவருக்கு வேறு வைத்தியம் தெரியவில்லை. டீ வாங்கிவரப் போய்விட்டார்.

திங்கட்கிழமை விஜயகுமாரி டாக்டர் ஷீலாவின் அறைக்குப் போனாள். ஸ்டோருக்கு மாற்றல் வேண்டும் என்று இந்தியில் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தாள். ஆனால் டாக்டர் நிமிர்ந்து, "எப்படி இருக்கிறாய்?" என்று சாதாரணமாகக் கேட்டதும் கோத்து வைத்திருந்ததெல்லாம் அறுந்து உதிர்ந்தது. அடிவயிற்றில் கிடந்த தோட்டத்துப் பேச்சுதான் மேலே வந்தது. அதையே சொல்லுக்குச் சொல் இந்தியில் மாற்றிச் சொல்லிவிட்டாள்.

"மேடம், ஆஜ் சே மேரா ஆதா நாம் லிக்கியே."

இன்றிலிருந்து எனக்கு அரைப்பேர் போடுங்கள். அவள் சொல்ல நினைத்தது அது. டாக்டர் காதில் விழுந்தது, இன்றிலிருந்து என் பெயரைப் பாதியாக எழுதுங்கள் என்று.

"ஆதா நாம்?"

"ஆமாம் மேடம். பூரா நாம் இனிமேல் என்னால் முடியாது."

டாக்டர் ஷீலா மேசையைத் தட்டிச் சிரித்தார். "அப்பாடா, நீயே சொல்லிவிட்டாய்! ரிப்போர்ட்டில் விஜயகுமாரி என்று எழுதினால் கட்டத்தைத் தாண்டிப் போகிறது. இனிமேல் நீ விஜயா. சரிதானே?"

விஜயகுமாரி வாய் திறப்பதற்குள் டாக்டரின் போன் அடித்தது. அவர் போனில் பேசிக்கொண்டே, "விஜயா, கதவைச் சாத்திவிட்டுப் போ" என்று கையால் காட்டினார். அவளும் சாத்திவிட்டு வந்துவிட்டாள்.

மத்தியானத்துக்குள் மையம் முழுக்க அவள் விஜயா. மாதச் செய்தியின் முதல் பக்கத்தில், பிறந்தநாள்களுக்குக் கீழே, செம்பருத்திப் பூப் படத்தோடு ஓர் அறிவிப்பு வந்தது: "நம் விஜயகுமாரி தீதி இனி விஜயா என்று அழைக்கப்பட விரும்புகிறார்."

அண்ணனிடமிருந்து போன் வந்தது. "என்னா புள்ள இது, பேரைக் கொறச்சிட்டியா? அம்மா ஆசையா வச்ச பேரு. கொறைக்கிறதுன்னாலும் வீட்டுல கூப்பிடுற குமாரியை வச்சுக்கிட்டு மத்ததை விட்டிருக்கலாமே!"

"அண்ணே, நான் அதைக் கேக்கவே இல்ல."

"பின்ன யாரு கேட்டது? பூ வேற போட்டிருக்காங்க!"

அடுத்த புதன்கிழமை மிதாலி அவள் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "புதுப் பேர் வைத்தால் விருந்து கொடுக்க வேண்டும் விஜயா தீதி. விருந்து இல்லையென்றால் யோகாவாவது செய்."

விரிப்பில் உட்கார்ந்ததும் அழகர்சாமி பக்கத்து விரிப்பிலிருந்து தமிழில், "முன் பாதி ஆபீசுக்கு, பின் பாதி வீட்டுக்கு. பங்கு பிரிச்சாச்சு, இனி வம்பில்ல," என்றார். விஜயகுமாரிக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. எந்த இடத்தில் அது அழுகையாக மாறியது என்று மற்றவர்களுக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. மிதாலி ஸ்பீக்கரை அணைத்தாள்.

அப்போதுதான் அவள் சொன்னாள். பெரட்டு என்றால் என்ன, பேர் என்றால் என்ன, அரைப்பேர் என்றால் என்ன. டாக்டர் அறைக்கு எதற்காகப் போனாள். திக்லிபூரில் ஒரு மனுஷி மனசைத் திறந்தபோது தனக்குக் கோழி மட்டும் கேட்டது.

யாரும் சிரிக்கவில்லை. அழகர்சாமி எழுந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். "அப்படிப் பாத்தா மேடம், நான் ஒரு வருஷமா கால்பேர்தான். என் சம்சாரம் ஆபரேஷனுக்கு மதுரை போனதுலருந்து ராத்திரி கண்ணை மூட முடியல. பகல்ல இங்க வந்துதான் ரெண்டு நிமிஷம் மூடுறேன்." அவர் குறட்டையைப் பற்றி அதுவரை கேலி பேசிய மிதாலி தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் ஷீலா விஜயகுமாரிக்கு எதிரே வந்து தரையில் உட்கார்ந்தார். "நான் சரியாகக் கேட்கவில்லை, மன்னித்துக்கொள். எனக்கும் காது அடைத்துத்தான் இருக்கிறது போல. ஸ்டோர் வேண்டுமென்றால் இன்றைக்கே எழுதித் தருகிறேன். ஒன்று மட்டும் சொல். உங்கள் தோட்டத்தில் ஒருத்தி அரைப்பேரோடு போய்விட்டால் அவளுடைய மீதி மரங்கள் என்ன ஆகும்?"

"அப்படியே விட்டால் சிரட்டையிலேயே பால் உறைந்துவிடும் மேடம். பக்கத்து வரிசைக்காரி எடுப்பாள். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது..." விஜயகுமாரி நிறுத்தினாள். அம்மா காய்ச்சலோடும் முழுப்பேர் வாங்கினாள் என்றுதானே வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அந்தக் காலையில் அம்மாவின் வரிசையில் பக்கத்து வீட்டு முனியம்மா இரண்டு வாளியோடு போய்வந்ததைச் சின்னப் பிள்ளையாக அவளே பார்த்திருக்கிறாள். முனியம்மாவுக்குப் பிரசவம் ஆனபோது அம்மா இரண்டு வாளி தூக்கினாள். லயத்தில் எல்லாருக்கும் அது தெரியும், யாரும் வாயால் சொல்லமாட்டார்கள்.

"பக்கத்து வரிசைக்காரி எடுப்பாள்," என்று மறுபடியும் சொன்னாள், இந்தத் தடவை தனக்கே சொல்வதுபோல.

"அப்படியானால் உன் பக்கத்து வரிசையில் நான் நிற்கிறேன்," என்றாள் மிதாலி. "அடுத்த திக்லிபூருக்கு நானும் வருகிறேன். பாதிப் பேரை நான் பார்க்கிறேன்."

டாக்டர் சொன்னார்: "அந்த ஒரு தடவை போய் வா. வந்த பிறகும் காது அடைத்தே இருந்தால் ஸ்டோர் உனக்குத்தான். நான் தடுக்கமாட்டேன்."

அடுத்த நாள் காலையில் வேலை தொடங்கும் முன்னால் எல்லாரும் ஜீப் ஷெட்டின் கீழே கூடினார்கள். அதற்குப் பெரட்டு என்றே பெயர் வைத்தார்கள். மிதாலி வாயில் அது 'பராட்டா' என்றுதான் வந்தது. அழகர்சாமி முதல் நாளே ஒரு பொட்டலம் பரோட்டா வாங்கிவந்து, "கூப்பிட்டதுக்கு மரியாதை வேணாமா?" என்று ஆளுக்கொன்று கொடுத்தார். ஒவ்வொருவராக "பூரா நாம்" என்றோ "ஆதா நாம்" என்றோ சொல்ல வேண்டும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆதா நாம் என்று ஒருவர் சொன்னால் அவர் வேலையில் பாதியை எடுத்துக்கொள்ள மற்றவர்களில் யாராவது கையைத் தூக்குவார்கள். முதல் சில நாள் எல்லாருமே முழுப்பேர் என்றுதான் பொய் சொன்னார்கள். முதலில் பாதி சொன்னது டாக்டர் ஷீலாதான். அதன் பிறகு மற்றவர்களுக்கும் நாக்கு திரும்பியது.

விஜயகுமாரி போன் ஆலோசகரிடமும் பேசினாள். முதல் தடவை அவரிடமே, "நீங்கள் சாப்பிட்டீர்களா, நேரத்துக்குத் தூங்குகிறீர்களா" என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, இன்றைக்கு நான்தான் கேட்க வேண்டும்," என்று அவர் சிரித்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். ஞாயிறு காலையில் அண்ணனோடு கார்பின்ஸ் கோவில் நடந்தாள். தேவேந்திரன் கடற்கரையிலும் கால்சட்டையை மடித்துவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வெகு ஒழுங்காக நடப்பார். பேசமாட்டார். அந்த நடையில் அவளுக்குப் பிடித்ததே அதுதான்.

திக்லிபூர் நாள் வந்தது. வழியில் அழகர்சாமி பாட்டைப் போட்டார். மிதாலி சன்னலில் தலை சாய்த்துத் தூங்கினாள். அழகர்சாமியின் சம்சாரம் ஊரிலிருந்து திரும்பிவிட்டதால் அவர் கண்ணில் சிவப்பு இல்லை.

முகாமில் ஒச்சம்மா மூன்றாவதாக வந்து உட்கார்ந்தார். விஜயகுமாரி முதலிலேயே சொல்லிவிட்டாள்.

"அம்மா, போன தடவை நீங்க அவ்வளவு சொன்னீங்க. எனக்கு ஒடம்பும் மனசும் சரியில்ல, எதுவும் காதுல விழல. கோழின்னு ஒரு சொல்லு மட்டும்தான் கேட்டுச்சு. மன்னிச்சுக்கங்க."

ஒச்சம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப அன்னைக்கு மண்டைய மண்டைய ஆட்டுன?"

"ஆட்டுனேன்."

"என் வீட்டுக்காரரும் இப்படித்தேன் ஆட்டுவாரு. அவருக்குச் சம்பளம் இல்ல, ஒனக்குச் சர்க்கார் சம்பளம் வேற!" பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒச்சம்மாவும் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் குரல் இறங்கியது. "இம்புட்டு நாள்ல எவளும் வந்து, நீ சொன்னது கேக்கலைன்னு எங்கிட்டச் சொன்னதில்ல. எல்லாரும் கேட்டுட்டேன்னுதேன் சொல்லுவாங்க."

"இப்பச் சொல்லுங்க. நான் கேக்குறேன்."

ஒச்சம்மா சொன்னார். மகன் மெயின்லேண்டுக்கு வேலைக்குப் போனவன், போகும்போது சண்டை. போன் வருவதில்லை. அவன் ஸ்கூட்டர் வாசலில் நிற்கிறது. பொழுது சாய்ந்ததும் ஒரு கறுப்புக் கோழி பறந்து வந்து அந்த சீட்டில்தான் அடைகிறது. முதலில் விரட்டினார். பிறகு விரட்டவில்லை. அவன் திரும்பி வந்து எச்சம் படிந்த சீட்டைப் பார்த்தால் திட்டுவான் என்று தெரியும். திட்டட்டும், வந்து திட்டட்டும் என்று ராத்திரியெல்லாம் கோழியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்.

விஜயகுமாரிக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. கறுப்பு என்பது கேட்டது. திட்டட்டும் என்று இரண்டாவது தடவை சொன்னபோது குரல் உடைந்ததும் கேட்டது. பின்னால் மிதாலி யாரையோ இந்தியில் பேர் கேட்பதும், வெளியே அழகர்சாமி ஜீப் கண்ணாடியைத் துடைப்பதும் கூடவே கேட்டது.

"அந்தச் சீட்டுல ஒரு சாக்கு விரிச்சுப் போடுங்களேன்," என்றாள். "கோழியும் இருக்கட்டும், சீட்டும் இருக்கட்டும். அப்புறம் அவன்கிட்ட எப்படிப் பேச்சை ஆரம்பிக்கிறதுன்னு யோசிப்போம்."

"அதானே, சாக்குன்னு ஒண்ணு இருக்குல்ல!" என்றார் ஒச்சம்மா. அந்தச் சாக்கு யோசனையை அவரே திக்லிபூர் பஜார் முழுக்கச் சொல்லிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. மகனுக்குக் கோழியை போட்டோ எடுத்து அனுப்பியதையும், அதற்கு அவன் கோபமாக ஒரே ஒரு வரி பதில் போட்டதையும் சேர்த்து.

ஸ்டோர் வேலைக்கு வேறு ஆள் வந்தார். அடுத்த மாதச் செய்தியில் பிறந்தநாள்களுக்குக் கீழே மிதாலி ஒரு திருத்தம் போட்டாள், அதே செம்பருத்திப் பூவோடு: "விஜயகுமாரி தீதியின் பேர் முழுப்பேர்தான். தவறாகக் கேட்டதற்கு வருந்துகிறோம்." தேவேந்திரன் அதைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்துக் கடையில் மின்மீட்டருக்கு மேலே ஒட்டியிருக்கிறார். மிக்ஸி கொண்டுவருகிறவர்கள் என்ன அது என்று கேட்காமல் போக முடியாத இடம்.

கடைசிப் பக்கத்தில் பெரட்டு பற்றியும் இப்போது வருகிறது. கார்த்திகா அதைப் பார்த்து ஹேவ்லாக்கிலும் தொடங்கிவிட்டாளாம்.

போன திங்கட்கிழமை ஜீப் ஷெட்டின் கீழே விஜயகுமாரியின் முறை வந்தபோது அவள் கொஞ்சம் யோசித்தாள். முந்தின நாள் முழுக்கத் தலைவலி.

"ஆதா நாம்," என்றாள்.

கை தூக்கியவர்கள் ஒருவர் அல்ல, மூன்று பேர். அழகர்சாமியும் அதில் ஒருவர்.

"நீங்க எப்படிண்ணே ஆலோசனை சொல்லுவீங்க?" என்று அவரிடம் கேட்டாள்.

"ஆலோசனை மிதாலி சொல்லும். நான் மண்டைய ஆட்டுறேன் தாயி."